நீ கேட்ட கேள்விக்கு மீதிப் பதில்

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் பரிசோதனை முடிந்தது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அக்கா போன வாரம் வந்து இருந்துவிட்டுப் போனாள். மாடி அறை விஷயம் அப்படியேதான் கிடக்கிறது. அதை எழுத இந்தக் கடிதம் இல்லை.

அன்றைக்குப் போனில் பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டாய். "நான் எத்தனை வயசு வரைக்கும் பால் குடிச்சேன்மா?" என்றாய். நாலு வயது முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போதுதான் விட்டாய் என்று சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். நீ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகும் தவறாமல் கூப்பிடுகிறாய். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, அவ்வளவோடு சரி.

மருமகளிடமும் பேசினேன். குரலே கம்மிப் போயிருந்தது. ஜுரம் மாதிரி இருக்கிறது அத்தை, கையைத் தூக்கினால் வலிக்கிறது என்றாள். என்னம்மா ஆச்சு என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். இத்தனை நாள் அம்மாவிடம் பால் குடித்துக்கொண்டிருந்த உன் சின்னவன் இப்போது உன்னோடு தனி அறையில் படுக்கிறான் என்பதையும் அவளாகச் சொல்லவில்லை, அவன்தான் போனைப் பிடுங்கிச் சொன்னான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் உன்னை விட்டுக்கொடுத்துப் பேச வேண்டி வரும். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை.

உன்னிடமும் என்ன நடந்தது என்று கேட்கப் போவதில்லை. பொதுவாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். பால்குடியை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. குடிக்கிற குழந்தையை நிறுத்தினாலும் சுரக்கிற பால் உடனே நிற்காது. உள்ளேயே கட்டிக்கொள்ளும். மார்பு கல்லாக இறுகும், ஓரிடத்தில் சிவந்து சுடும், அக்குள் வரை இழுத்து வலிக்கும், காய்ச்சல் வரும். கவனிக்காமல் விட்டால் சீழ் கட்டுகிற அளவுக்கும் போகலாம். உடம்போடு போவதும் இல்லை. பால் சட்டென்று நின்றால் அதோடு சேர்ந்த ஹார்மோன்களும் இறங்கும், காரணம் தெரியாமல் அழுகை வரும். அவளை அந்த நேரத்தில் அதட்டாதே. எதற்கு அழுகிறாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

நீ படித்தவன், பத்துப் பேருக்கு வேலை சொல்லுகிற இடத்தில் இருக்கிறாய். உன்னைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு வாய் நிறையப் பேச்சு வரும். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முகத்தைப் பார்த்துத் தன் பிள்ளையின் விஷயத்தை முடிவு செய்யலாமா? அவர்கள் வந்திருந்தபோது சின்னவன் அம்மா மடியில் ஏறி முந்தானையை இழுத்தான், எல்லோரும் ஒரு மாதிரி சிரித்தார்கள் என்று நீதான் என்னிடம் சொன்னாய். சொல்லும்போது நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அப்போதே சொல்லியிருப்பேன், பக்கத்தில் அப்பா இருந்தார்.

நீ எப்படிக் குடிப்பாய் தெரியுமா? மூன்று வயதுக்குப் பிறகு மடியில் படுப்பதே இல்லை. விளையாட்டின் நடுவே ஓடி வருவாய். நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், நீ பக்கத்தில் நின்றபடியே குடிப்பாய். ஒரு கால் தரையில் சரியாக ஊன்றாது, வாசல் பக்கமே திரும்பியிருக்கும். ஒரு கை என் ரவிக்கையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிஷம் இருக்காது, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு ஓடிவிடுவாய். விழுந்து அடிபட்ட நாளிலும் காய்ச்சல் நாளிலும் மட்டும் மடியை விட்டு இறங்கமாட்டாய். காய்ச்சலில் வேறு எதைக் கொடுத்தாலும் துப்புவாய். அது ஒன்றுதான் உள்ளே போகும். அக்காவுக்கும் இப்படித்தான், ஆனால் அவள் சீக்கிரமே விட்டுவிட்டாள். பிள்ளைக்குப் பிள்ளை மாறும்.

அப்போது பேசாதவர்கள் இல்லை. ஆண் பிள்ளையை இவ்வளவு வயது வரை மடியில் வைத்திருந்தால் கோழையாகிவிடுவான் என்றார்கள். உன் பெரியம்மா என்ன சொன்னாள் என்று உனக்கே தெரியும், அவள் இன்றும் சொல்லுவாள். கசப்பாக எதையாவது தடவி விடு, இரண்டு நாளில் மறந்துவிடுவான் என்று யோசனை சொன்னவர்கள் எத்தனையோ பேர். நான் தடவவில்லை. ஓடி வருகிற பிள்ளைக்கு என் உடம்பே கசக்க வேண்டுமா என்று தோன்றியது. உன் அப்பா ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. யாராவது ஆரம்பித்தால், "அது அவங்க ரெண்டு பேர் விஷயம்" என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார். அந்த ஒரு வரியில் எனக்கு எவ்வளவு தெம்பு இருந்தது என்பதை நீ இப்போது தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ எதற்கும் ஆதாரம் கேட்பாய், அம்மா சொன்னால் மட்டும் போதாது. அதனால் தேடிப் படித்து எழுதுகிறேன். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்வது. அந்த 'அதற்கு மேலும்' என்பதை யாரும் படிப்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், இத்தனை வயதுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று ஓர் எல்லை கிடையாது, மூன்றாம் வயதிலும் அதற்குப் பிறகும் கொடுப்பதால் குழந்தையின் மனதுக்கோ வளர்ச்சிக்கோ தீங்கு என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2005-லேயே எழுதிவிட்டது. 2022-ல், இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்க விரும்புகிற தாய்க்குத் துணை நிற்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. துணை நிற்க வேண்டியவர் பட்டியலில் முதலில் வருகிறவன் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஒரு வயதுக்கு மேல் அது வெறும் தண்ணீர் என்று யாரோ சொன்னதாகச் சொன்னாயே, அதுவும் தப்பு. இரண்டாம் வயதில் ஒரு நாளைக்கு 448 மில்லி குடிக்கிற குழந்தைக்கு அன்றைக்கு வேண்டிய சக்தியில் 29 சதவீதம், புரதத்தில் 43, வைட்டமின் சி-யில் 60, வைட்டமின் ஏ-யில் 75 சதவீதம் அதிலிருந்தே கிடைக்கிறது. சின்னவன் அந்த வயதைத் தாண்டிவிட்டான், அவ்வளவு குடிக்கவும் மாட்டான். அவனுக்கு இப்போது சத்து தட்டில் இருந்துதான் வர வேண்டும், முக்கியமாக இரும்புச்சத்து. தாய்ப்பாலில் அது குறைவு. வயிறு நிறையக் குடித்துவிட்டு தட்டைத் தள்ளுகிறானா என்று பார், அப்படியென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொல். ராத்திரி குடித்துக்கொண்டே தூங்குகிறவன் என்றால் படுக்கும் முன் பல் துலக்கிவிடு. அது உன் வேலையாக இருக்கட்டும். கவலைப்பட வேண்டியது இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான்.

அவளுக்கும் இதில் நன்மை இருக்கிறது. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒரு பெண் மொத்தமாகப் பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வருகிற வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறதாம்.

மனிதக் குழந்தை இயற்கையாக எப்போது பால் மறக்கும் என்று டெட்வைலர் என்ற மானுடவியல் அறிஞர் கணக்குப் போட்டிருக்கிறார். குரங்கினங்களின் கர்ப்ப காலம், எடை, நிலையான கடைவாய்ப்பல் முளைக்கிற வயது எல்லாவற்றையும் நம்மோடு ஒப்பிட்டு, இரண்டரை வயது முதல் ஏழு வயது வரை என்கிறார். நீ விட்ட வயது அதற்குள்தான் இருக்கிறது, சின்னவனின் மூன்றரையும்தான்.

2012 மே மாதம் டைம் இதழின் அட்டையில் ஒரு படம் வந்தது. நாற்காலி மேல் நின்றபடி ஒரு பையன் அம்மாவிடம் பால் குடிக்கிறான். உலகமே அதைப் பற்றிப் பேசியது, பலர் முகம் சுளித்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு உன்னைத்தான் நினைவு வந்தது. மூன்று வயதில் அழுத ஞானசம்பந்தருக்கு அம்பாள் பொற்கிண்ணத்தில் பால் கொடுத்தாள் என்று எத்தனை தலைமுறையாகக் கைகூப்பிக் கேட்கிறோம். இவ்வளவு பெரிய பிள்ளைக்கா என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. வீட்டுக்குள் ஒரு பெண் அதையே செய்தால் மட்டும் அசிங்கமாகத் தெரிகிறது. மார்பை வேறு கண்ணால் பார்த்துப் பழகிய பெரியவர்களின் கூச்சம் அது. அதைக் கொண்டுபோய் ஒரு குழந்தையின் தலையில் ஏற்றாதே.

நீ குடித்ததற்காக நீயும் கூச்சப்படாதே. அந்த போன் பேச்சுக்குப் பிறகு எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். நான் உன்னைக் கட்டி வைக்கவில்லை. நீயே வந்தாய், நீயே விட்டாய். ஒரு நாள் வந்து நின்றாய், முகத்தைப் பார்த்தாய், "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாய். அதன் பிறகு கேட்கவே இல்லை. எனக்குத்தான் கொஞ்ச நாள் கை வெறுமையாக இருந்தது.

அவளுக்கே போதும் என்று தோன்றினால் நிறுத்தட்டும். அது அவள் உடம்பு, நானோ நீயோ நீட்டு என்றும் சொல்ல முடியாது, குறை என்றும் சொல்ல முடியாது. மூன்றரை வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும். வெளியில் வேண்டாம், வீட்டில் மட்டும் என்று சொல்லலாம். நிறுத்துவதாக இருந்தால் முதலில் பகலில் ஒரு வேளையை விடட்டும், உடம்பு பழகியதும் அடுத்ததை. ராத்திரி வேளையைக் கடைசியில் விடலாம். கேட்டால் கொடுப்பது, கேட்காவிட்டால் நினைவுபடுத்தாமல் இருப்பது என்று போனாலே பாதி தானாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் நீ அவனோடு விளையாடு, கதை சொல்லு. தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்துவது அதற்கு வழி இல்லை. நான் ஊகித்தது தப்பாக இருந்தால் சந்தோஷம்.

திரும்பவும் சொல்கிறேன், அவளை அதட்டாதே. அவனையும் "வெட்கமா இல்லையா" என்று கேட்காதே. அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் முதலில் அவளிடம் போய்க் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேள். இன்னும் இருந்தாலோ, மார்பில் சிவந்த இடம் இருந்தாலோ நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. பால் கட்டிக்கொண்டிருக்கிறது என்று அவரிடம் நீயே வாய் திறந்து சொல், அவள் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுவாள். டாக்டர் மாத்திரை கொடுத்தால், பால் கொடுத்துக்கொண்டே அதைச் சாப்பிடலாமா என்று கேட்டுக்கொள். பெரும்பாலும் கொடுக்கலாம் என்றுதான் சொல்வார்கள், கட்டிய பால் வெளியே வந்தால்தான் வலியும் குறையும். போய் வந்ததும் எத்தனை மணி ஆனாலும் எனக்குக் கூப்பிடு, முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா