கேரவெல் என்று பெயர் சொன்னவர்களுக்கு

வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும், அடுத்த சில நாளில் அப்பா போனதும் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுதத் தெம்பில்லை. நேற்று காரியம் முடிந்தது. அப்பா வைத்திருந்த உலோக விமானப் பொம்மை எந்த விமானத்தின் மாதிரி என்று இங்கே கேட்டிருந்தேன். அதற்குப் பெயர் கண்டுபிடித்துக் கொடுத்த உங்களுக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

"இதுலதான் முதன்முதலா பம்பாய் போனேன்" என்பார் அப்பா. என்ன விமானம் என்று சொன்னதில்லை. பெயின்ட் முழுக்க உரிந்து, கிடைமட்ட வால் இறகு முறிந்து, அடியில் ஓர் எழுத்துகூட இல்லாமல் சேற்றிலிருந்து கிடைத்தது. பின்பக்கம் இரண்டு எஞ்சின் இருப்பதால் டி.சி.9 என்றார்கள் சிலர், ஒன் இலெவன் என்றார்கள் சிலர்; இரண்டும் பழைய ஜெட் விமானங்கள். அளவு கேட்டவர்கள், பழைய படங்களைத் தேடி அனுப்பியவர்கள், நடுராத்திரியிலும் பதில் போட்டவர்கள், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மீனம்பாக்கத்தில் விமானப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போனில் அவர் முதலில் கேட்டது, "அம்மா சாப்பிடுறாங்களா தம்பி?" என்றுதான். அப்புறம், "விமானத்து உடம்புமேல மெல்லிசா ஒரு தாளை வெச்சு பென்சிலால தேய்ங்க" என்றார். சின்ன வயதில் நாலணாவைத் தாளுக்கடியில் வைத்துத் தேய்ப்போமே, அப்படித் தேய்த்தேன். கண்ணுக்குப் பிடிபடாத ஜன்னல்கள் வரிசையாக எழுந்து வந்தன. ஒவ்வொன்றும் மூலை மழுங்கிய முக்கோணம்.

"கேரவெல்!" என்றார். வால் இறகு முறிந்த துளையையும் பார்க்கச் சொன்னார். மற்ற இரண்டு விமானங்களிலும் அது செங்குத்து வாலின் உச்சியில் இருக்கும். இதில் நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. கேரவெல் பிரெஞ்சு ஜெட் விமானம்; முதலில் பறந்தது 1955இல். மூக்கும் விமானி அறையும் பிரிட்டனின் காமெட் ஜெட் விமானத்திலிருந்து எடுத்தவை. இந்தியன் ஏர்லைன்ஸுக்கு 1964இல் வந்த முதல் ஜெட் கேரவெல்தான். அப்பா பம்பாய் போன காலத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது.

அதோடு போனை வைத்திருக்கலாம். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். "கீழே நல்லாத் தெரியணும்னுதாம்மா ஜன்னலோட அடிப்பக்கத்தை அகலமா வெச்சாங்க. உங்க வீட்டுக்காரர் அது வழியாத்தான் ஊரைப் பார்த்திருப்பார்" என்றார். அம்மா வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அப்பா போனதிலிருந்து இவ்வளவு பேசி நாங்கள் கேட்கவில்லை. சார், இந்த உதவியை எப்படித் திருப்பித் தருவேன்?

விமானத்துக்கு மறுபடி பெயின்ட் அடிக்கப்போவதில்லை. வால் இறகை மட்டும் சரியான உயரத்தில் பொருத்தி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு எடுத்து வருகிறேன், சார். பெயர் தெரியாத பழைய விமானப் பொம்மை யாரிடமாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். தாளும் பென்சிலுமாக நானே வந்து உட்காருகிறேன்.