கல்லறையில் குங்குமம் கரைத்து ஊற்றியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும், உங்களுடன் வந்த தங்கைக்கும்,

வணக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட பிற்பகலில், கொல்கத்தாவின் சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் எடுத்த காணொளி எதுவென்று உங்களுக்கே தெரியும். அதன் தலைப்பையும் உங்கள் சேனலின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. ஊரறிய உங்களை அவமானப்படுத்துவது என் நோக்கமல்ல. அந்தக் காணொளியை நீக்கிவிடுங்கள் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

நான் லேக் மார்க்கெட் பக்கம் 26 ஆண்டுகளாகக் குடியிருக்கும் தமிழன். மாதம் ஒருமுறையாவது அந்தத் தோட்டத்துக்குப் போய்வருவேன். அன்று தமிழ்ப் பேச்சு காதில் விழுந்ததும் மகிழ்ச்சியோடுதான் உங்கள் பக்கம் நடந்தேன். டென்னிசன் குடும்பக் கல்லறையின் முன் நின்றிருந்தீர்கள். அதிலிருந்து ரத்தம் கசியும் என்பது இந்த ஊரில் பலரும் சொல்லும் கதை. அன்று எதுவும் கசியவில்லை. அதனால் தண்ணீர் பாட்டிலில் குங்குமத்தைக் கரைத்து, காரையின் வெடிப்பில் ஊற்றினீர்கள். கேமராவின் முக்காலி, பக்கத்திலிருந்த ஒரு சிறிய கல்லறையின் மேல் நின்றது. நான் தடுத்தபோது, "இரண்டே நிமிடம் சார்" என்றீர்கள்.

அந்த இரண்டு நிமிடத்துக்குப் பிறகு நடந்தது உங்கள் காணொளியில் இல்லை. நீங்கள் போனதும் அங்கே வேலை செய்யும் தோட்டக்காரர் ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாருமாக வந்தார். அறுபதைத் தாண்டியவர். ஈரமண்ணில் முழங்காலிட்டுத் தேய்க்கத் தொடங்கினார். அந்தக் கல்லறைகளில் பெரும்பாலானவை செங்கல்லால் கட்டிச் சுண்ணாம்புக் காரை பூசியவை. குங்குமம் காரைக்குள் இறங்கிவிட்டது. தேய்க்கத் தேய்க்கச் சாயம் போகவில்லை, காரைதான் உதிர்ந்தது. "விட்டுவிடுங்கள், மழையில் போய்விடும்" என்றேன். "விட்டால் நாளைக்கே ரத்தத்தைப் பார்க்க நூறு பேர் வருவார்கள்" என்றார். பொழுது சாயும்வரை தேய்த்தார். வாளியைக் கழுவும்போது, நான் உங்களோடு பேசியதைக் கவனித்திருந்த அவர், "உங்கள் ஊர்ப் பிள்ளைகளா?" என்று வங்காளத்தில் கேட்டார். ஆம் என்றேன். அவர் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பேய்க்கதை சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒற்றைப் பனையில் முனி இறங்கும் என்று என் பாட்டி சொன்னதைக் கேட்டு, போர்வைக்குள் நடுங்கி வளர்ந்தவன் நான். அதே பாட்டிதான், புதைத்த இடத்தைத் தாண்டாதே, சுற்றிப் போ என்றும் சொல்லிக்கொடுத்தார். அச்சத்தோடு மரியாதையும் சேர்ந்தே வந்தது. இந்த ரத்தக் கதைகூட, மழைக்காலத்தில் செங்கல்லின் செம்மை நீரோடு கலந்து வழிவதை யாரோ பார்த்துப் பிறந்திருக்கலாம் என்பது என் எண்ணம். அந்தக் கதையை அதன் போக்கில் விட்டிருக்கலாமே. குங்குமத்தை எதற்காகக் கரைத்தீர்கள்?

1767-இல் திறந்த தோட்டம் அது. குமாஸ்தாக்கள், சிப்பாய்கள், பிரசவத்தில் இறந்த இளம் தாய்மார்கள், காய்ச்சலுக்குப் பலியான குழந்தைகள் என்று கப்பலேறி வந்து ஊர் திரும்பாதவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகிறார்கள். நீங்கள் 'பேய்க் கோபுரம்' என்று காட்டிய கூர்மையான உயரக் கல்லறை வில்லியம் ஜோன்ஸ் உடையது. ஆசியவியல் கழகத்தை 1784-இல் நிறுவியவர். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று 1786-இல் சொன்னவர். சென்னையில் அதிகாரியாக இருந்து தமிழ் கற்ற ஆங்கிலேயர், நம் எல்லீசன் (எல்லிஸ்), 1816-இல் தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று நிறுவியது அந்த ஆராய்ச்சிக் காலத்தின் தொடர்ச்சிதான். அதைப் பெருமையாகப் பேசும் தமிழர்கள், ஜோன்ஸின் கல்லறையில் பேயின் காலடியைத் தேடியதை என்னால் தாங்க முடியவில்லை.

அதே தோட்டத்தில்தான் டெரோசியோ இருக்கிறார். 17 வயதில் இந்து கல்லூரியில் ஆசிரியரானவர். எதையும் கேள்வி கேள் என்று மாணவர்களுக்குச் சொன்னதால் வேலையை இழந்தார், அதே 1831-இல் காலராவில் இறந்தார். வயது 22. உங்களில் மூத்தவருக்கு அதைவிட அதிகம் இருக்கும். தினமும் கங்கையில் நீராடி, 'இந்து ஸ்டூவர்ட்' என்று பெயரெடுத்த அயர்லாந்துக்காரரின் கல்லறை கோயில் வடிவில் நிற்கிறது. அதன் முன்னால் நின்று பேசியிருந்தாலே உங்களுக்கு ஒரு முழுக் காணொளி கிடைத்திருக்கும்.

உங்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. காதலர் பெயரைக் காரையில் கீறியவர்களை அங்கே பார்த்திருக்கிறேன். சென்னைக் கோட்டைக்குள் புனித மேரி ஆலயத்தைச் சுற்றித் தரையில் பதித்திருக்கும் பழைய கல்லறைப் பலகைகளின் மேல் நாம் செருப்போடு நடக்கிறோம். கீழே லத்தீனில் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர் சிலரே. நடுகல்லில் பெயரும் பெருமையும் பொறித்து வைத்து வணங்கிய மக்கள் நாம் என்பது எப்போது மறந்துபோனது?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். நான் கேட்பது ஒன்றுதான்: அந்தக் காணொளியை நீக்குங்கள். அது இருக்கும்வரை, அதைப் பார்த்துவிட்டு இன்னொரு குழு குங்குமத்தோடு வரும். அந்தப் பெரியவர் மறுபடியும் முழங்காலிட வேண்டியிருக்கும். உதிர்ந்த காரையை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

நீக்கிய பிறகு மீண்டும் வாருங்கள். தங்க இடமும் சாப்பாடும் என் வீட்டில் உண்டு. நானே அழைத்துப்போய் ஒவ்வொரு கல்லாகப் படித்துக் காட்டுகிறேன். உங்கள் முக்காலி நின்ற அந்தச் சிறிய கல்லறையை மறுநாள் போய்த் துடைத்துப் பார்த்தேன். பெயர் அழிந்துவிட்டது. வயது மட்டும் படிக்க முடிகிறது: 11 மாதம்.

அன்புடன்,
கொல்கத்தாவில் வாழும் ஒரு தமிழன்