கடைசிச் சுற்றில் சேருபவர்களுக்கும் அடிப்படைப் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதற்கு அருகில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான், எம்.பி.பி.எஸ். கலந்தாய்வின் எந்தச் சுற்று முடிந்திருக்கிறது என்பதைக் கடைக்கு வரும் முகங்களை வைத்தே சொல்லிவிடுவேன். முதல் சுற்றில் இடம் கிடைத்தவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். இடஒதுக்கீட்டு ஆணை, மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் என எல்லாவற்றிலும் நகல் எடுத்துக்கொண்டு, வாளி, பாய், பூட்டு எங்கே வாங்கலாம் என்று விசாரித்துவிட்டு நிதானமாகப் போவார்கள். கடைசிச் சுற்றில் வருபவர்களிடம் அந்த நிதானம் இருப்பதில்லை. அவர்களைப் பற்றித்தான் இக்கடிதம்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டப்படி முதலாம் ஆண்டு மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே அடிப்படைப் பயிற்சி வகுப்புகள் நடத்தப்படுகின்றன. மருத்துவத் தொழில் நெறி, முதலுதவி, கணினிப் பயன்பாடு, உள்ளூர் மொழி ஆகியவற்றோடு கல்லூரியையும் மருத்துவமனையையும் அறிமுகப்படுத்தும் இவ்வகுப்புகள், பிளஸ் டூ முடித்து முதன்முறையாக வீட்டை விட்டு வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு மிகவும் தேவையானவை. ஆனால் வகுப்புகள் தொடங்கிய பிறகும் கலந்தாய்வு நீண்டுகொண்டே போவதால், எஞ்சிய இடங்களுக்கான சுற்றில் ஆணை பெறுபவர்கள் இவையெல்லாம் முடிந்த பின்பே வந்து சேருகிறார்கள். சிலர் ஏற்கெனவே வேறொரு கல்லூரியில் சேர்ந்து, விடுதியில் பெட்டியைப் பிரித்து, ஓரளவு பழகிய நேரத்தில் இடம் மாறி வருபவர்கள். அவர்களுக்கு ஒரே பருவத்தில் இரண்டு முறை புது ஊர்.

இவர்கள் என் கடைக்கு இரண்டாம் முறை வருவது, முன்னரே சேர்ந்த மாணவர்களின் நோட்டுகளை நகலெடுக்கத்தான். உடற்கூறியல் பாடம் பெரும்பாலும் கையில் தொடங்குகிறது. அந்தப் பகுதியில் எல்லோரையும் திணறடிப்பது பிரேக்கியல் பிளெக்சஸ் என்னும் நரம்புப் பின்னலாம். தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள் என வண்ணப் பென்சிலால் அழகாக வரைந்த படம், என் இயந்திரத்தில் புகுந்து வரும்போது எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். எது எதன்மேல் ஓடுகிறது என்று தெரியாமல், கடை வாசலிலேயே நின்று அசல் நோட்டைப் பார்த்துப் பார்த்துப் பேனாவால் குறித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உடலியங்கியலும் உயிர்வேதியியலும் இதற்கு வெளியே காத்திருக்கின்றன. முதலாம் ஆண்டுத் தேர்வில் நான்கு முறைக்குள் தேறாவிட்டால் படிப்பையே தொடர முடியாது என்னும் விதியையும் சேர்த்துப் பார்த்தால், தொடக்க வாரங்களை இழப்பது எவ்வளவு பெரிய சுமை என்பது விளங்கும்.

முன்பெல்லாம் இத்தகைய சந்தேகங்களைச் சீனியர்களே தீர்த்துவைப்பார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. ராகிங்கை ஒழிக்க 1997இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டமும் அதன் பின்னர் வந்த கட்டுப்பாடுகளும் மிக அவசியமானவை. அவற்றில் துளியும் தளர்வு கூடாது. ஆயினும், சீனியர்களிடமிருந்து விலக்கி வைக்கும்போது அவர்கள் செய்துவந்த நல்ல உதவியும் சேர்ந்தே நின்றுபோகிறது. அந்த இடத்தை ஆசிரியர்கள்தான் நிரப்ப வேண்டும்.

உள்ளூர் மொழி வகுப்பைத் தவறவிடுவதும் சிறிய இழப்பு அல்ல. அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குரியவை என்பதால் தமிழ் அறியாத மாணவர்களும் வருகிறார்கள். முதலாம் ஆண்டிலேயே கிராமங்களுக்குச் சென்று குடும்பங்களைத் தத்தெடுத்து அவர்களின் உடல்நலத்தைக் கவனித்துவர வேண்டும் என்பது இப்போதைய பாடத்திட்டம். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்டவர்கள் வாழும் இம்மாவட்டத்துக் கிராமத்தில், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்று ஒரு பாட்டியிடம் கேட்கவாவது தமிழ் தெரிந்திருக்க வேண்டாமா?

கிருஷ்ணகிரியின் நிலை இன்னும் கடினம். 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றான அக்கல்லூரி நகருக்கு வெளியே போலுப்பள்ளியில் இருக்கிறது. மாவட்டத் தலைநகராக இருந்தும் கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையம் கிடையாது. பெட்டியோடு வரும் வெளியூர் மாணவர் தருமபுரியிலோ ஓசூரிலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

எனவே, கடைசிச் சுற்றுக்குரிய சேர்க்கை நாள் முடிந்தவுடன், தாமதமாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் அடிப்படைப் பயிற்சியின் சாரத்தையும், அதுவரை நடந்த மூன்று பாடங்களின் சுருக்கத்தையும் மாலை வேளைகளில் இரண்டு வாரங்களுக்கு நடத்துமாறு மருத்துவக் கல்வி இயக்ககம் எல்லா அரசுக் கல்லூரிகளுக்கும் அறிவுறுத்த வேண்டும். விடுபட்ட பாடங்களின் படங்களைத் துறைகளே வண்ணத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். இதனால் என் கடை வரும்படி கொஞ்சம் குறையும் என்பது வேறு விஷயம். கடைசிச் சுற்றின் தேதி கலந்தாய்வு அட்டவணையிலேயே அறிவிக்கப்படுவதால், இவ்வகுப்புகளுக்கான நாள்களை முன்கூட்டியே ஒதுக்குவதில் சிரமம் எதுவும் இருக்காது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை உரிமையாளர் ஒருவர்,
தருமபுரி