தனியாக இருக்கப்போகிற ஆளுக்குக் கணக்குப் போடு

கேளம்பாக்கம், சென்னை

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரர், அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இனிமேல் பேப்பரை உன்னைப் படித்துக்காட்டச் சொல்லி உயிரை வாங்க மாட்டார். இங்கே நாங்கள் சுகம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. பேத்தி காலேஜில் சேர்ந்துவிட்டாள். அப்புறம், நம்ம ராஜேஸ்வரி மதுரை வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு பெங்களூருக்கே போய்விட்டாளாம், தெரியுமா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். திருச்சி பொன்மலைப்பட்டி வீட்டை விற்றுவிட்டு எங்கள் பக்கமே ஒரு சீனியர் சிட்டிசன் ஃபிளாட் வாங்கலாமா, மாதம் எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறாய். உன் மகன் காட்டிய விளம்பரத்தில் 55 லட்சம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததாம். விளம்பரத்தில் எல்லாரும் பார்ப்பது அந்த எண்ணைத்தான். அது ஒரு தடவை போகிற பணம். மாதாமாதம் போகிற பணம்தான் ஆளைச் சாய்க்கும். பேங்க் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ பென்ஷன்காரர்களின் பாஸ்புக்கைப் பார்த்தவள் நான். அதனால் கொஞ்சம் கறாராகவே எழுதுகிறேன், கோவிச்சுக்காதே.

போன மாத பில்லை எதிரில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எங்கள் ஃபிளாட் 850 சதுர அடி. சதுர அடிக்கு 8 ரூபாய் பராமரிப்பு, அது 6,800. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 1,224 ரூபாய். குடியிருப்போர் சங்கமே நிர்வாகத்தை எடுத்து நடத்தினால் வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய் வரை இந்த ஜிஎஸ்டி கிடையாது. எங்கள் இடத்தை நடத்துவது ஒரு கம்பெனி, அதனால் முதல் ரூபாயிலிருந்தே வரி. சங்கத்திடம் ஒப்படைக்கச் சொல்லி மீட்டிங் மேல் மீட்டிங் போடுவார்கள். செக்யூரிட்டிக்கு யார் சம்பளம் போடுவது, மோட்டார் காயில் போனால் யார் ஆள் தேடுவது, லாரித் தண்ணிக்காரனோடு யார் மல்லுக்கட்டுவது என்று பேச்சு வந்ததும், பஜனைக்கு நேரமாகிறது என்று ஒவ்வொருவராக எழுந்துவிடுவார்கள். அந்த 1,224 நம்முடைய சோம்பேறித்தனத்துக்குப் போட்ட வரி என்பார் இவர்.

சாப்பாடு ஆளுக்கு 8,500. இரண்டு பேருக்கு 17,000, 5 சதவீத வரியோடு 17,850. ஆக மொத்தம் 25,874 ரூபாய். இது அசையாத செலவு. கரன்ட் பில், போன், மருந்து, கோயில், கல்யாண மொய் எல்லாம் இதற்கு வெளியே. கரன்ட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் எங்களுக்கும் உண்டு. மே மாதத்து ஏசிக்கு அது எந்த மூலைக்கு? ஜெனரேட்டர் ஓடினால் அதற்குத் தனி மீட்டர், தனி ரேட்.

2016இல் நாங்கள் குடிவந்தபோது இதே சாப்பாடு ஆளுக்கு 4,200. அப்போது ஜிஎஸ்டியும் வரவில்லை. வருஷா வருஷம் ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை வரும். பருப்பு விலை, காஸ் விலை, ஆட்கள் சம்பளம் என்று காரணம் எழுதி, கீழே புது ரேட் இருக்கும். காரணங்கள் பொய்யில்லை. ஆனால் என் பென்ஷனில் பஞ்சப்படி மட்டும்தான் ஏறுகிறது, அடிப்படை ரிடையரான அன்றைக்கு நின்றது நின்றதுதான். உங்கள் ரயில்வேக்காரர்களுக்குச் சம்பளக் கமிஷன் வந்தால் பென்ஷனும் சேர்ந்து ஏறும். கொடுத்துவைத்தவர்கள்!

சாப்பாட்டைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சைவம் மட்டும். சாம்பார் வாரத்தில் ஐந்து நாள், உப்பு உறைப்பு எல்லாம் டாக்டர் சொல்லிப் போட்டதுபோல் இருக்கும். ராத்திரி ஏழு மணிக்கே இடியாப்பமோ கோதுமை தோசையோ கொடுத்து முடித்துவிடுவார்கள். உன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாமல் விடியாதே! நாங்கள் கோவளம் ரோட்டில் சங்கரா வாங்கி வந்து வீட்டிலேயே குழம்பு வைத்துக்கொள்கிறோம். அன்றைக்கு டைனிங் ஹாலுக்குப் போகாவிட்டாலும் காசைக் கழிக்க மாட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் வெளியூர் போவதாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் கழிப்பு. மகள் வீட்டுக்கு நாலு நாள் போனால், அங்கேயும் சாப்பிட்டு இங்கேயும் பணம் கட்டுவோம்.

இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. அடுப்படியை விட்டு வெளியே வந்ததே எனக்குப் பெரிய விடுதலை. கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. ஒரு ராத்திரி இவருக்குச் சர்க்கரை இறங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சுக் குழறியபோது அதை அழுத்தினேன். நான் புடவையைச் சரிசெய்து கதவைத் திறப்பதற்குள் நர்ஸ் குளுக்கோஸோடு வாசலில் நின்றாள். அந்தப் பெண்ணுக்காகத்தான் நாங்கள் மாதாமாதம் பணம் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்.

ஆனால் அவள் வருவது அவசரத்துக்கு மட்டும். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 'எல்லாம் உள்ளடக்கம்' என்று சொல்கிற ரேட்டில், படுக்கையில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்கிற வேலை இருக்காது. எதிர் பிளாக்கில் ஒரு டீச்சரம்மா. அவர் வீட்டுக்காரர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செலவு இன்சூரன்ஸில் போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்கே ஆரம்பம். ஏஜென்சி மூலம் ராப்பகலாகக் கூடவே தங்குகிற ஆள், நாளுக்கு 900 ரூபாய், மாதம் 27,000. அந்த ஆளுக்கும் இதே டைனிங் ஹாலில் சாப்பாடு, அதற்குத் தனி பில். பிசியோதெரபி ஒரு தடவைக்கு 600. டயப்பர், ஷீட், வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில். வழக்கமான மாதச் செலவு அப்படியே இருக்க, அதற்கு மேல் இன்னொரு குடும்பத்துக்கு ஆகிற செலவு. ஆளாவது ஒரே ஆளாக நின்றாளா? பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஏஜென்சிக்காரர் வேறு ஆளை அனுப்பினார், புது அட்வான்ஸோடு.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. வாயில் வராத பேச்சுதான், ஆனால் நாம் இரண்டு பேரும் எழுபதைத் தாண்டியாயிற்று, பேசித்தான் ஆகவேண்டும். நீ போடுகிற கணக்கு இரண்டு பேர் இருக்கிற மாதத்துக்கானது. தனியாக மிஞ்சுகிற ஆளுக்குக் கணக்குப் போடு. அண்ணனுக்கு 77, உனக்கு 72. யார் மிஞ்சுவார்கள் என்று எழுதி வைக்கவில்லைதான். இருந்தாலும் எங்கள் டைனிங் ஹாலில் ஒற்றையாகத் தட்டை எடுத்துக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள்.

ஒரு ஆள் குறைந்தால் செலவு பாதியாகாது, கோமதி. என் பில்லையே எடு. பராமரிப்பு 8,024, ஒரு ரூபாய்கூட இறங்காது. சாப்பாடு மட்டும் 8,925 ஆகும். மொத்தம் 16,949. அதாவது மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. வரவு என்ன ஆகும்? அண்ணன் வாங்குவது கடைசிச் சம்பளத்தில் பாதி. அவருக்குப் பிறகு உனக்கு வருகிற குடும்ப பென்ஷன் அந்தச் சம்பளத்தில் நூற்றுக்கு முப்பது. இப்போது ஐந்து ரூபாய் வருகிற இடத்தில் அப்போது மூன்று ரூபாய்தான் வரும். உனக்கு 80 முடிந்ததும் 20 சதவீதம் கூட்டித் தருவார்கள், ஆனால் அதற்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கிறதே. அந்த மூன்று ரூபாய்க்குள், இன்றைக்கு இருக்கிற ரேட்டில் அல்ல, பத்து வருஷம் கழித்து இருக்கப்போகிற ரேட்டில் உன்னால் இங்கே இருக்க முடியுமா? முடியும் என்றால் தைரியமாக வா. ஆள் வைக்கிற செலவுக்கென்று தனியாக ஒரு தொகை தொடாமல் கிடக்க வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்.

வீட்டை விற்று வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. கைமாறி வருகிற ஃபிளாட் என்றால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக நூற்றுக்கு 9 ரூபாய். 55 லட்சத்துக்கு 4,95,000. பின்னால் வருகிற பெரிய ரிப்பேர்களுக்கென்று, கார்ப்பஸ் என்று ஒரு தொகை கேட்பார்கள். எல்லாம் சேர்த்தால் 60 லட்சத்தைத் தாண்டும். அதில் பாதியை, 30 லட்சத்தை, தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உன் பேரில் போட்டால், இப்போதைய 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும். மாதக் கணக்கில் 20,500. எங்கள் பிளாக்கிலேயே இரண்டு பெட்ரூம் ஃபிளாட் 18,000 வாடகைக்குக் கிடைக்கிறது. பராமரிப்பு தனிதான், ஆனால் அது வாங்கினாலும் தனிதானே.

அப்புறம், வாங்குவது சுலபம், விற்பதுதான் பாடு. எங்கள் இடத்தில் 55 வயது ஆகாதவர் குடியிருக்க முடியாது. மகன் பேருக்கு வீடு போகும், அவனால் அதில் வந்து இருக்க முடியாது. பூட்டிக் கிடந்தாலும் பராமரிப்பைக் கட்டித்தான் ஆகவேண்டும். மூன்றாவது மாடியில் ஒரு வீடு அப்படித்தான் கிடக்கிறது. பிள்ளைகள் மூன்று பேரும் வெளிநாட்டில். யார் கட்டுவது என்று அவர்களுக்குள் ஈமெயில் சண்டையாம். வாட்ச்மேன்வரைக்கும் தெரிந்திருக்கிறது.

வீட்டை விற்றால் லாபத்துக்கு வரி வரும், இன்னொரு வீடு வாங்கினால் அதற்கு விலக்கு உண்டு என்று யாராவது உன்னை அவசரப்படுத்துவார்கள். வரிக்குப் பயந்து வீடு வாங்காதே. முதலில் பொன்மலைப்பட்டி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இங்கே ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார். பிடித்தால் அப்போது ஆடிட்டரிடம் போகலாம்.

ஆஸ்பத்திரி விஷயத்தையும் யோசி. பொன்மலையில் ரயில்வே ஆஸ்பத்திரி உனக்குக் கூப்பிடு தூரம். இங்கே வந்தால் பெரம்பூர்தான். நாங்கள் இருப்பது ஊரின் தெற்குக் கோடி, அது வடக்குக் கோடி. டாக்ஸியில் போய்வர இரண்டாயிரத்துக்குக் குறையாது, பழைய மகாபலிபுரம் ரோட்டில் (ஓஎம்ஆர்) மெட்ரோ வேலை வேறு நடக்கிறது. பிரஷர் மாத்திரை வாங்குவதற்காக மாதாமாதம் அங்கே போவாயா? கடைசியில் இங்கே பக்கத்து மெடிக்கலிலேயே கைக்காசு போட்டு வாங்குவாய். ரயில்வே கார்டு இந்தப் பக்கத்தில் எந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் செல்லும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மற்றதைப் பேசு. என்னைப்போல் இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டி அழவேண்டிய தலையெழுத்து உனக்கு இல்லை, அந்த வசதியை விட்டுவிடாதே.

உன் மகனைக் குற்றம் சொல்லவில்லை. அம்மா அப்பா பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைக்கிறான், நல்ல பிள்ளை. ஆனால் வேளச்சேரியிலிருந்து இங்கே வர சனிக்கிழமை டிராஃபிக்கில் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவனையே கேள். எங்கள் பிளாக்கில் சென்னையிலேயே பிள்ளைகள் இருக்கிற நாலைந்து பேர் இருக்கிறார்கள். தீபாவளிக்கு வருகிறார்கள்.

நீங்கள் இரண்டு பேரும் ஒரு பத்து நாள் வந்து தங்கிப் பாருங்கள். கெஸ்ட் ரூம் சாப்பாட்டோடு நாளுக்கு 1,500. பல்லவனில் வந்தால் தாம்பரத்தில் இறங்கிவிடு, எழும்பூர் வரை போகாதே. இவர் வண்டி அனுப்புவார். ஆபீஸில் மூன்று வருஷத்துச் சாப்பாட்டு ரேட்டையும், டெபாசிட் திருப்பித் தருகிற விதியையும் எழுத்தில் கேட்போம். வாயால் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வராதே. எதிர் பிளாக் டீச்சரம்மாவிடமும் உன்னைக் கூட்டிப்போகிறேன், ஆபீஸில் சொல்லாததை அவர் சொல்வார்.

வரும்போது அண்ணனுடைய பென்ஷன் ஆர்டரை எடுத்து வா. அதில் உன் பேரும் பிறந்த தேதியும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பென்ஷன் ஆர்டர்கள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே இருக்காது, பிறகு 80 வயதுக்கான கூடுதல் தொகை வாங்க அலைய வேண்டியிருக்கும். இருக்கும்போதே திருத்த எழுதிப் போடுவது சுலபம்.

அன்புடன்,
சரோஜா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை அண்ணனிடம் காட்டலாமா என்று யோசிப்பாய். காட்டு. பொன்மலை ஒர்க்ஷாப்பில் கணக்குப் பார்த்தவர்தானே, நான் கூட்டியதில் தப்பிருந்தால் சொல்லட்டும்.