பருத்திப்பாலையும் எழுதுங்களேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரைச் சாப்பாடு என்றாலே ஜிகர்தண்டா, கறிதோசை என்று அதே நாலைந்தோடு முடித்துவிடுகிறீர்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சரி, எங்களுக்கு அதில் என்ன புதுசு? சாயங்காலம் தெருமுனைக்கு வரும் பருத்திப்பால் வண்டியை யாராவது எழுதுங்களேன். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் அரிசிமாவும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, தேங்காய்த் துருவல் தூவிச் சுடச்சுடத் தருவார்கள். அந்தச் சுக்குக் காரம் தொண்டையில் இறங்குவதே தனிச் சுகம். எங்கள் தெருக்காரர்களோ அதைத் தாண்டிப்போய் எங்கேயோ காபிக்கு வரிசையில் நிற்கிறார்கள்! பெயர்ப்பலகைகூட இல்லாத வண்டி, செல்போனில் தேடினால் எங்கே வரும்? வாரம் ஒரு தெருவாக உங்கள் நிருபரை நடக்கவிடுங்கள், விளம்பரம் தராத கடைகளாகப் பார்த்து.

– ஒரு வாசகர், மதுரை