காய்ச்சலோடு வகுப்புக்கு வர வைக்காதீர்கள்

முதல்வர், துறைத்தலைவர்கள், விடுதிக் காப்பாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஃப்ளூ பரவினால் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் படித்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இருமும்போது வாயை மூடுங்கள், காய்ச்சல் வந்தால் அறையிலேயே ஓய்வெடுங்கள். எல்லாம் சரிதான். ஆனால் அதே பலகையில், அதற்குப் பக்கத்திலேயே, வருகைப்பதிவு குறைந்தவர்களின் பட்டியலும் தேர்வு எழுத முடியாது என்ற எச்சரிக்கையோடு தொங்குகிறது. இரண்டையும் படிக்கிறவர் எதற்குப் பயப்படுவார்?

போன பருவத்தில் என் அறைத்தோழி 102 டிகிரி காய்ச்சலோடு இன்டர்னல் தேர்வு எழுதினாள். பாராசிட்டமால் ஒன்றை விழுங்கிவிட்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போனாள். பேனா பிடித்த கை நடுங்கியதை இரண்டு பெஞ்ச் தள்ளி இருந்த நான் பார்த்தேன். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் மறுதேர்வு கிடையாது, சான்றிதழ் வாங்கப் போய் வரிசையில் உட்காரும் தெம்பு அவளுக்கு இல்லை. மூன்றாம் நாள் நான் படுத்தேன். அப்புறம் பக்கத்து அறை.

மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும், தொற்றை நிறுத்தாது. அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஃப்ளூ பரவத் தொடங்கிவிடும், படுத்த பிறகும் 5 முதல் 7 நாள் வரை பரவலாம். மாத்திரை போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் வெளியே வரலாம் என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். அதற்குச் சில நாள் பிடிக்கும். அந்தச் சில நாள் விடுப்பைச் சான்றிதழ் கேட்காமல், மாணவர் எழுதித் தருவதை நம்பிக் கொடுங்கள். ஒரு சிலர் பொய் சொல்வார்கள்தான், சொல்லிவிட்டுப் போகட்டும். சான்றிதழுக்காக மட்டும் வரும் கூட்டம் குறைந்தால், ஃப்ளூ கடுமையாகத் தாக்கக்கூடிய, ஆஸ்துமாவோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் மருத்துவரைச் சீக்கிரம் பார்க்க முடியும். ஃப்ளூ வைரஸையே எதிர்க்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரையை, அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அது நன்றாக வேலை செய்யும்.

சின்ன வயசு, தாங்கிக்கொள்வார்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று சொல்லப்பட்ட எச்1என்1 ஃப்ளூ பரவியபோது முதியவர்களைவிட இளைஞர்களைத்தான் அதிகம் தாக்கியது.

விடுதியில் தனி அறை ஒதுக்குவதாகச் சொல்கிறீர்கள், நல்லது. அங்கே சாப்பாட்டை யார் கொண்டுவந்து வைப்பார்கள்? யாரும் வரவில்லை என்றால் காய்ச்சல்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு மெஸ் வரிசையில்தான் நிற்பார். தினமும் இரண்டு முறை கதவைத் தட்டி, மூச்சுத் திணறுகிறதா, குறைந்த காய்ச்சல் திரும்ப ஏறுகிறதா என்று கேட்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அறை போதவில்லை என்றால் கட்டில்களையாவது தள்ளிப்போட்டு, ஒருவர் தலை இருக்கும் பக்கம் மற்றவர் கால் வருவதுபோல் மாற்றுங்கள்.

தடுப்பூசி பலன் தர சுமார் இரண்டு வாரம் ஆகும், அதனால் முகாமைப் பரவலுக்கு முன்பே நடத்துங்கள். மெஸ் அக்காக்களையும் துப்புரவுப் பணியாளர்களையும் அதில் சேருங்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு விடுப்பும் வேண்டும், நாள் கூலி போய்விடும் என்று இருமிக்கொண்டே பரிமாறுகிறவரை நாம் எப்படிக் குறை சொல்வது?

சான்றிதழ் இல்லாத விடுப்பு எத்தனை நாள் என்பதை முடிவுசெய்து, அந்த வருகைப்பதிவுப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
விடுதியில் தங்கிப் படிக்கும் மூன்றாமாண்டு மாணவி