மருதியை ஏன் விட்டுவிட்டோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான ஆட்டனத்தி – ஆதிமந்தி கட்டுரையை இரண்டு முறை படித்தேன். காவிரியின் புதுப்புனலில் கணவன் ஆட்டனத்தியைப் (அத்தி என்றும் சொல்வார்கள்) பறிகொடுத்த சோழன் மகள் ஆதிமந்தி, கரையோடு ஓடிக் கடல்வரை சென்று, தன் கற்பின் வலிமையால் அவனை மீட்டு வந்தாள் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது பிழையன்று. சிலப்பதிகாரம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் இந்தக் கதை இத்தனை நூற்றாண்டுகள் நம்மிடம் தங்கியிருப்பதற்குக் காரணம் அந்தக் கற்பின் வெற்றிதான் என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தொலைந்தவனை ஆதிமந்திக்குக் காட்டிக்கொடுத்த மருதி என்ற பெண்ணின் பெயர் அந்த நான்கு பக்கக் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லை. அதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

சங்கப் பாடல்களில் இந்தக் கதையை யாரும் முதலிலிருந்து முடிவுவரை சொன்னதில்லை. கேட்பவர்களுக்கு முன்பே தெரிந்த கதை என்பதால், தங்கள் துயரத்தைச் சொல்ல வந்த பெண்கள் அதில் ஒரு துண்டை மட்டும் எடுத்து உவமையாக வைக்கிறார்கள். பரணர் ஒருவரே அகநானூற்றில் ஐந்தாறு பாட்டுகளில் அதைத் தொடுகிறார். 376ஆம் பாட்டில் காவிரியின் கழார்த் துறையில் நீர்விழா நடக்கிறது. கரிகாலன் தன் சுற்றத்தோடு அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். காலில் கழல் புரள, கருங்கச்சு கட்டிய வயிற்றில் பொன்மணிகள் ஒலிக்க, அத்தி புனலாடுகிறான். அவன் அழகில் ஆசைப்பட்டுக் காவிரி அவனைக் கொண்டுபோய் ஒளித்துவைக்கிறது. வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று என்று பரணர் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 222ஆம் பாட்டில் அவர் இன்னும் ஒரு படி மேலே போய், ‘தாழ் இருங் கதுப்பின் காவிரி’ என்று ஆற்றுக்குக் கூந்தலே வைத்துவிடுகிறார். நடந்தது விபத்தன்று, ஒருத்தியின் காதலனை இன்னொருத்தி கவர்ந்துகொண்டாள். (376ஆம் பாட்டில் கரிகாலன் விழாப் பார்ப்பவன் மட்டுமே. ஆதிமந்தி அவன் மகள் என்ற செய்தி அங்கே இல்லை; அதை நாம் சிலம்பிலிருந்துதான் பெறுகிறோம்.)

காவிரி ஒரு பெண்ணாகிவிட்டபின், கதைக்குள் பல பெண்களுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. என் வாசிப்பில் இதன் நீண்ட ஆயுளுக்கு இதுவே காரணம். அகநானூறு 76இல் பேசுபவள் ஒரு பரத்தை, தலைவன் மனைவியை விட்டு நாடிச் செல்கிற பெண். ‘கச்சினன், கழலினன், சுருண்ட தலைமயிர் கொண்ட பொருநன், அவனைக் கண்டீர்களா?’ என்று ஆதிமந்தி பித்துப் பிடித்தவளாய்க் கேட்டுக்கொண்டு அலைய, அவனை இழுத்துக்கொண்டு கிழக்கே ஓடிய காவிரியைப்போல, நானும் இவனைக் கைப்பற்றிக்கொண்டு போகப் போகிறேன் என்கிறாள். தான் யார் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை, அவள்தான் காவிரி. 396இல் பேசுபவளும் பரத்தையே. ஆனால் அங்கே பாத்திரங்கள் தலைகீழாகின்றன. உன் மனைவி காவிரியாக வந்து உன்னை வாரிக்கொண்டு போய்விடுவாளோ என்று அஞ்சுகிறேன் என அவள் தலைவனிடம் சொல்கிறாள். ஊரறிந்த மனைவி ஆறாகவும், பரத்தை கணவனைத் தொலைத்தவளாகவும் மாறி நிற்கிற அந்த இடத்தில் கற்பின் வெற்றி என்ற சூத்திரம் என்ன ஆகிறது என்பதைக் கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும்.

ஆதிமந்தியின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டவர் வெள்ளிவீதியார். காதலனைத் தொலைத்த சிறுமையோடு, ஆதிமந்தியைப்போல நானும் அலைந்து திரிவேனோ என்று அவர் 45ஆம் பாட்டில் வினவுகிறார். அந்த வெள்ளிவீதியாரையே ஔவையார் 147ஆம் பாட்டில் உவமையாக்கி, வெள்ளிவீதியைப்போல நானும் புறப்பட்டுவிட நினைக்கிறேன் என்கிறார். கதையில் அலைந்த பெண் ஒரு புலவருக்கு உவமையாகிறாள்; அந்தப் புலவர் இன்னொரு புலவருக்கு உவமையாகிறார். ஒரு கதையின் செல்வாக்குக்கு இதைவிட நேரான சாட்சியை நான் எங்கும் கண்டதில்லை. ஆதிமந்தியார் பெயரிலேயே குறுந்தொகையில் 31ஆம் பாட்டு இருப்பதும் வாசகர்கள் அறிந்ததே. மள்ளர் கூடிய விழாவிலும் மகளிர் தழுவியாடும் துணங்கையிலும் தேடிவிட்டேன், அவனை எங்கும் காணவில்லை, நானும் ஓர் ஆடுகள மகள், என் வளையை நெகிழச் செய்தவனும் ஓர் ஆடுகள மகன் என்று பேசும் அந்த ஆட்டக்காரியின் குரல் அரண்மனைக் குரலாக எனக்குக் கேட்கவில்லை. ஆறும் அதில் இல்லை, கடலும் இல்லை.

இனி மருதி. அகநானூறு 222இல், அத்தியைக் காவிரி கவர்ந்துகொண்டபின் திசையெல்லாம் தேடி மதி மருண்டு திரிந்த

‘ஆதிமந்தி காதலற் காட்டி,
படு கடல் புக்க பாடல் சால் சிறப்பின்
மருதி’

என்று மூன்று வரிகளில் பரணர் அவளைச் சொல்லி முடித்துவிடுகிறார். அவள் யார், அத்தியை எங்கே கண்டாள், அவளுக்கு அவன் என்ன உறவு, அவனைக் காட்டிக்கொடுத்தபின் ஏன் கடலுக்குள் போனாள் என்பதற்கெல்லாம் பாட்டில் விடை கிடையாது. அவனைக் கரையில் காப்பாற்றி நேசித்தவள் என்று பின்னால் வந்தவர்கள் ஊகித்தார்கள். ஊகம்தான் என்றாலும் அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆதிமந்திக்கு அவன் திரும்பக் கிடைத்தான். இந்தக் கதையில் உண்மையிலேயே எல்லாவற்றையும் இழந்தவள் ஒருத்திதான். அந்தப் பாட்டில் பேசுகிற பெண்ணும், இரவில் மழை கொட்டிய ஈர வழியில் புறப்படும்போது, மருதியின் புகழைப் பெறவே விரும்புகிறாள். ஆதிமந்தியின் புகழை அவள் கேட்கவில்லை.

மேல்நிலை வகுப்பில் ஒருமுறை இதை நடத்தியபோது, கடைசி பெஞ்சில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “அவ ஏன் சார் காட்டிக் கொடுத்தா? சும்மா இருந்திருக்கலாம்ல?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்று சொல்லி அவளை உட்கார வைத்தேன். பணி ஓய்வு பெற்றுப் பதினொரு ஆண்டுகள் ஆகியும் அந்தப் பதிலை நினைத்து வெட்கப்படுகிறேன்.

சிலப்பதிகாரத்துக்கு வருவோம். அதன் வஞ்சின மாலை என்ற பகுதியில், மதுரையை எரிக்கப் போகிற கண்ணகி, தன் ஊரான புகாரில் பிறந்த பத்தினிப் பெண்களைப் பாண்டிமாதேவிக்கு முன் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வருகிறாள். அவர்களில் ஒருத்தி கரிகால் வளவன் மகள். அவள் கணவனான வஞ்சிக்கோனைப் புனல் கொண்டுபோக, அவள் புனலின் பின்சென்று ‘கல் நவில் தோளாயோ’ என்று கூவி அழைக்கிறாள். ‘கடல் வந்து முன்னிறுத்திக் காட்ட’, அவனைத் தழுவிக்கொண்டு பொற்கொடிபோலத் திரும்புகிறாள். இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பரணரிடம் மருதி ‘காட்டி’; இளங்கோவிடம் கடல் ‘காட்ட’. வினைச்சொல் அதேதான், காட்டுகிறவள் மட்டும் மாறிவிட்டாள். மருதி எந்தக் கடலுக்குள் போனாளோ அந்தக் கடலே அவள் செய்த வேலையைச் செய்துவிடுகிறது. இதற்காக இளங்கோவடிகளை நான் குறை சொல்லவில்லை. கணவனை வெட்டுண்டு இழந்து நிற்கிற கண்ணகிக்கு, இயற்கையே பணிந்து கணவனைத் திருப்பிக் கொடுத்த ஒரு முன்னோடி அந்த நேரத்தில் தேவைப்படுகிறாள். நடுவில் உதவிக்கு இன்னொரு பெண் வந்தால் அந்த வஞ்சினத்தின் வேகம் குறைந்துவிடும். காப்பியத்துக்கு அது சரியான தேர்வு.

அந்த ஒரு தேர்வையே முழுக் கதையாக எடுத்துக்கொண்டது நாம்தான். உ.வே.சா. சிலப்பதிகாரத்தை 1892இல் பதிப்பித்தார். அகநானூறு அச்சேறியது அதற்கு வெகுகாலம் பிந்தி. மேடைப் பேச்சும் பாடப்புத்தகமும் சிலம்பின் வடிவத்தை முதலில் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். பாரதிதாசன் இந்தக் கதையை நாடகமாக்கினார், கண்ணதாசன் கவிதையில் எழுதினார், 1960இல் ‘மன்னாதி மன்னன்’ திரைப்படத்துக்கும் இதுவே கரு. அந்தப் படத்திலிருந்து இன்று ஊருக்கு நினைவிருப்பது ‘அச்சம் என்பது மடமையடா’ பாட்டுதான் என்பது வேறு விஷயம்.

‘பாடல் சால் சிறப்பின் மருதி’ என்றால் பாட்டில் வைத்துப் பாடத் தக்க சிறப்புடையவள் என்று பொருள். பரணர் காலத்தில் அவளைப் பற்றி ஊரில் பாட்டுகள் இருந்திருக்க வேண்டும். இன்று நம் கையில் மிஞ்சியவை அந்த மூன்று வரிகள் மட்டுமே.

கட்டுரையாளர் இந்தத் தொடரை நூலாக்கப் போவதாக இதழில் ஒரு குறிப்பு இருந்தது. நூலாகும்போது அகநானூறு 222ஆம் பாட்டை, பதினைந்து வரிகள்தாம், முழுமையாக அந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் சேர்க்கும்படி தங்கள் வழியாக அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்